நிழல் கொல்லைக்கு ஏற்ற அழகுப் புற்கள்

ஹிஜ்ரி 8ஆம் ஆண்டு, மக்கா வெற்றியின்போது, அந்தப் புனித எல்லைக்குள் செடி கொடிகளை வெட்டலாகாது என்றும், முள்ளைக்கூட ஒடிக்கலாகாது என்றும் நபிகள் நாயகம் ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் அறிவித்தார்கள். அவ்வேளையில் அவர்களின் சிறிய தந்தையார் அப்பாஸ் ரலியல்லாஹு அன்ஹு அவர்கள் ஒரே ஒரு புல்லுக்கு மட்டும் விலக்கு வேண்டினார்கள். 'இத்கிர்' என்னும் நறுமணப் புல் அது. கொல்லர் உலைக்கும் வீட்டுக் கூரைக்கும் மக்கள் அதனைப் பயன்படுத்தி வந்தனர். நபியவர்கள் இசைந்து விலக்களித்தார்கள். இச்செய்தி ஸஹீஹுல் புகாரியில் இடம்பெற்றுள்ளது. நாம் தேநீரில் இட்டுப் பருகும் எலுமிச்சைப் புல்லின் நெருங்கிய இனமே இந்த இத்கிர்.

ஒரு புல்லுக்கு அன்று கிடைத்த மதிப்பை எண்ணியவாறே, தாய்மார்களே, நம் வீட்டுக் கொல்லையைச் சற்று எட்டிப் பார்ப்போம். ஒருபுறம் மாமரம், மறுபுறம் அடுத்த வீட்டின் மாடிச் சுவர். வெயில் விழுவதில்லை. வாங்கி வைத்த ரோஜா வாடிற்று. விரித்த புல்லும் கருகிற்று. மழை பெய்தால் சேறு, பின்னர் வழுக்கும் பாசி. "இங்கே எதுவும் வராது, சிமெண்ட் போட்டு விடுவோம்" என்பதே பல இல்லங்களில் எடுக்கப்படும் முடிவு.

அம்முடிவுக்கு நாம் கொடுக்கும் விலை பெரிது. மூடிய தரையில் விழும் மழைநீர் தெருவுக்கு ஓடிவிடும். மரத்தின் வேருக்கு நீரும் காற்றும் குறையும். தமிழ்நாட்டில் 2003ஆம் ஆண்டு எல்லாக் கட்டடங்களிலும் மழைநீர் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டது. கூரை நீரைச் சேமிக்கக் குழாய் பதித்துவிட்டு, நீரை உறிஞ்சும் மண்ணைச் சிமெண்டால் மூடுவது முரணன்றோ? நிழலிலே புல் வளராது என்பது முழு உண்மையன்று. நிழலுக்கு உரிய புல்லை நாம் தேர்ந்தெடுக்கவில்லை என்பதே உண்மை.

நிழலை அறிந்து கொள்ளுங்கள்

எல்லா நிழலும் ஒன்றல்ல. நண்பகலில் ஒரு வெள்ளைத் தாளைத் தரையில் வைத்து, அதற்கு ஓரடி மேலே கையை நீட்டுங்கள். கையின் நிழல் தெளிவாக விழுந்தால் அங்கே போதிய ஒளி உண்டு. மங்கலாக விழுந்தால் நடுத்தர நிழல். நிழலே தெரியாவிட்டால் அது அடர்நிழல். கொல்லையின் நான்கு மூலைகளிலும் இவ்வாறு பார்த்துக் குறித்துக் கொள்ளுங்கள்.

அருகம்புல், கொரியன் புல், வெட்டிவேர், எலுமிச்சைப் புல் ஆகியவை வெயிலை நாடுபவை. நிழலில் அவை மெலிந்து நீண்டு, இடைவெளி விட்டுப் பின் மறைந்துபோம். கொல்லையில் வெயில் படும் ஓரம் இருக்குமாயின் அவற்றை அங்கே வையுங்கள்.

எந்த இடத்திற்கு எது?

மரத்தின் கீழ்ப் புள்ளி புள்ளியாக ஒளி விழும் தரைக்கு, அகன்ற இலையுடைய 'பஃபலோ புல்' ஏற்றது. நாற்றுப் பண்ணைகளில் இப்பெயரால் ஒன்றுக்கு மேற்பட்ட இனங்கள் விற்கப்படுகின்றன. அகன்ற இலையும் தரையோடு படரும் தண்டும் உடையதாகப் பார்த்து வாங்குங்கள். கணுவுக்குக் கணு வேர்விட்டுப் படரும். இதிலேயே வெள்ளைக் கோடு போட்ட வகை ஓரங்களுக்கும் தொட்டிக்கும் அழகூட்டும்.

நடைபாதை ஓரத்திற்கு 'மாண்டோ புல்' சிறந்தது. ஜப்பான், சீனப் பகுதிகளைச் சேர்ந்த இது, தோற்றத்தில் புல்லாயினும் உண்மையில் புல்லினம் அன்று. கரும்பச்சை நிறத்தில் கொத்துக் கொத்தாக நிற்கும், வெட்ட வேண்டுவதில்லை. மெல்ல வளர்வது என்பதால் பொறுமை வேண்டும்.

சுவரோர அடர்நிழலுக்கு, வெள்ளை வரியோடிய நீண்ட இலைகளையுடைய 'ஸ்பைடர்' செடி உதவும். அது நீள் தண்டுகளில் குட்டிகளை ஈனும். ஒரு செடி வாங்கினால் ஓராண்டில் அண்டை வீட்டாருக்கும் கொடுக்கலாம்.

குழாயடியில் ஈரம் தங்கும் இடத்திற்குக் குடைபோல் இலை விரிக்கும் குடைக்கோரையை நடுங்கள். கோரை நம் சமுதாயத்திற்குப் புதியதன்று. திருநெல்வேலிச் சீமையின் பத்தமடையில் கோரையைப் பட்டுப்போல் மென்மையான பாயாக நெய்வது முஸ்லிம் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாகப் போற்றிவரும் கைத்தொழில். குடைக்கோரை அந்தப் பாய்க்கோரையின் உறவினமே.

ஈரமும் அரைநிழலும் உள்ள இடத்தில் ரம்பையையும் வைக்கலாம். இதுவும் புல்லன்று, தாழையின் இனம். நீண்ட இலைகள் பார்வைக்கு அழகு. நெய்ச்சோற்றில் இட்டால் மணம். இலங்கையில் வாழும் நம் உறவினர் இல்லங்களில் ரம்பையின்றி விருந்துச் சோறு இல்லை எனலாம்.

கடைகளில் 'அதிர்ஷ்ட மூங்கில்' என்று விற்கப்படுவது மூங்கிலே அன்று. ஆப்பிரிக்காவைச் சேர்ந்த வேறொரு செடி. நிழலில் நன்கு வளரும் என்பதற்காக வாங்குங்கள். அதிர்ஷ்டம் தரும் என்பதற்காக வாங்காதீர்கள். நன்மையும் தீமையும் அல்லாஹ்வின் நாட்டப்படியே.

நடும் முறை

மரத்தடி மண்ணைக் கடப்பாரையால் கிளறாதீர்கள். வேர் அறுந்து மரம் நோகும். அடிமரத்தைச் சுற்றி மண்ணைக் குவிக்கவும் வேண்டாம், பட்டை அழுகும். வேர்களுக்கு இடையே கையளவு குழிகள் தோண்டி, மக்கிய எருவும் மண்ணும் கலந்து நிரப்பி நடுங்கள். மாண்டோ கொத்துகளைப் பிரித்து அரையடி இடைவெளியில் வையுங்கள். கோடையைத் தவிர்த்து, ஐப்பசி அடைமழைக்கு இரண்டு மாதம் முன்னரே நட்டுவிட்டால், மழைக்குள் வேர் பிடித்துக்கொள்ளும்.

மரத்தின் தாழ்ந்த கிளைகள் ஓரிரண்டைக் கழித்தால் காலை ஒளி உள்ளே வரும். உதிரும் சருகுகளைப் புல்லின் மேல் விட்டு வைக்காமல் கூட்டி, ஒரு மூலையில் மக்கவிடுங்கள். அதுவே அடுத்த ஆண்டு எரு. பஃபலோ புல்லை ஒட்ட வெட்டாதீர்கள். நிழலில் இலையே அதன் உணவுக்கூடம்; மூன்று அங்குல உயரமாவது இருக்கட்டும்.

ஒளூ நீரை வீணாக்காதீர்

நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் இரு கை நிறைய அள்ளும் ஒரு 'முத்து' அளவு நீரில் ஒளூச் செய்தார்கள் என்று ஹதீஸில் காண்கிறோம். நாமோ குழாயைத் திறந்துவிட்டு ஒளூச் செய்கிறோம். வீட்டில் தொழுவோர் மூவர், ஒருவருக்கு ஒருமுறை 3 லிட்டர் என்று வைத்துக்கொண்டாலும், ஐந்து வேளைக்கு 45 லிட்டர் ஆகிறது. முதலில் அளவைக் குறைப்போம். மிஞ்சி வடியும் நீரைச் சோப்பு நீரோடு கலவாமல், ஒரு சிறு வாய்க்கால் வழியே புல்லுக்குத் திருப்புவோம். நிழலில் ஈரம் மெல்லக் காயும். ஆயினும் மரவேர் போட்டியிட்டு உறிஞ்சும். ஆகவே நாள்தோறும் தெளிப்பதைவிட, வாரம் இருமுறை ஆழ நனையும்படி விடுவதே நலம்.

கவனிக்க வேண்டியவை

புல் என்றதும் பூச்சி, பொட்டு பற்றிய அச்சம் எழுவது இயல்பே. வாசற்படியிலிருந்து இரண்டடி அகலம் மணலோ செங்கல்லோ பரப்பிப் பாதை விடுங்கள். அடர்ந்த புதர்களைக் குழந்தைகள் விளையாடும் இடத்தை விட்டுத் தள்ளி வையுங்கள். தொட்டித் தட்டுகளில் நீர் தேங்கலாகாது. டெங்குவைப் பரப்பும் கொசு நல்ல நீரிலேயே முட்டையிடும்.

மற்றொன்று: ஹஜ்ஜுப் பெருநாளுக்கு முன்னர் வாங்கி வரும் ஆட்டைக் கொல்லையில் அவிழ்த்து விடாதீர்கள்! பஃபலோ புல் மீண்டும் துளிர்க்கும். மாண்டோவோ மெல்லவே மீளும்.

மரம் நட்டு அல்லது பயிரிட்டு, அதனைப் பறவையோ மனிதனோ கால்நடையோ உண்டால் அது நட்டவருக்கு தர்மமாகும் என்று நாயகம் (ஸல்) அவர்கள் நவின்றிருக்கிறார்கள். ரம்பை இலையைக் கிள்ளிச் செல்லும் அண்டை வீட்டுச் சகோதரியும் அந்த நன்மைக்கு வழியாவார். சிமெண்ட் மூட்டையை வாங்குமுன், பத்துப் புல் கொத்துகளை நட்டு ஒரு மழைக்காலம் பார்த்திருங்கள். இன்ஷா அல்லாஹ், அடுத்த கோடையில் உங்கள் கொல்லை குளிர்ந்திருக்கும். கிணற்றுக்குச் சேர வேண்டிய நீர் மண்ணுக்குள் இறங்கியிருக்கும். வல்ல நாயன் அருள்புரிவானாக! ஆமீன்.