ரிங்லெட் ஏரியில் எவ்வளவு சேறு?

தானா ராத்தாவிலிருந்து ரிங்லெட்டுக்கு இறங்கும் சாலையோரம் சுல்தான் அபு பாக்கார் அணையின் ஏரி கிடக்கிறது. மழை பெய்தால் தண்ணீர் செந்நிறம்தான். மலையை வெட்டிப் போட்ட காய்கறித் தோட்டங்களின் மண் அதில் வந்து படிகிறது.

2035க்குள் நிலக்கரி மின்திறனைப் பாதியாக்குவோம், 2050க்குள் நிகரக் கரிம வெளியேற்றத்தைப் பூஜ்யமாக்குவோம் என்று 2021இல் தெனாகா நேஷனல் அறிவித்தது. அந்தக் கணக்கில் இந்த நீர்மின்சாரம் நல்ல பிள்ளை, புகை கக்காது. ஆனால், சேறு ஏற ஏற ஏரி கொள்ளும் நீர் குறைகிறது. பெருமழையில் மதகைத் திறந்தே ஆகவேண்டும். 2013 அக்டோபர் 23 அதிகாலை அப்படித் திறந்துவிட்ட நீர் பெர்த்தாம் பள்ளத்தாக்கில் புகுந்தது. வீடுகளோடு உயிர்களும் போயின.

சேற்றை அள்ளுவது நிறுவனம். மேலே நிலத்துக்கு அனுமதி தருவதோ மாநில அரசு. அதனால் காலநிலை அறிக்கை வந்தால், நிலக்கரிக் கணக்குக்கு முன் நான் தேடுவது இந்த ஏரியில் அள்ளிய சேற்றின் அளவைத்தான்.