நகரும் நிலமும் நாம் குடியிருக்கும் வீடும்

நம் இல்லங்கள் பலவற்றில் வைத்து வழிபடும் சாளக்கிராமக் கல், நேபாளத்துக் கண்டகி நதியில் கிடைப்பது. அதில் காணும் சக்கர வடிவம், பல கோடி ஆண்டுகளுக்கு முன் கடலில் வாழ்ந்த, சுருளோடு உடைய அம்மோனைட் என்னும் பிராணியின் சுவடு என்பர் நிலநூலார். பனிமலை நாட்டு நதிக்குக் கடற்பிராணியின் சுவடு எங்ஙனம் வந்தது? எவரெஸ்ட் சிகரத்தின் உச்சியிலும் கடலடியில் படிந்த சுண்ணாம்புப் பாறையே உள்ளது. முன்னாளில் கடலின் தரையாக இருந்தது இன்று மலையாக உயர்ந்து நிற்கிறது. அதனை உயர்த்திய விசை இன்னும் ஓயவில்லை. தில்லியிலும் குவாஹாத்தியிலும் அகமதாபாத்திலும் அந்தமானிலும் குடியேறி வாழும் நம்மவர் அவ்விசையை அறிந்திருத்தல் நலம்.

கண்டங்கள் இடம் பெயர்கின்றன என்று ஜெர்மானிய அறிஞர் ஆல்பிரட் வேகனர் 1912-ல் கூறினார். அவற்றை நகர்த்துவது எது என்பதை அவரால் தெளிவாக விளக்க இயலாமையால், அறிஞர் பலர் அக்கொள்கையை ஏற்கவில்லை. விடை கடலடியில் இருந்தது. கடலுக்குள் நெடுந்தொலைவு செல்லும் மலைத்தொடர்களின் பிளவில் பாறைக்குழம்பு மேலெழுந்து உறைந்து புதிய தரையாகிறது. பழைய தரை இருபுறமும் விலகிச் செல்கிறது. முடிவில் ஆழ்ந்த அகழிகளில் சரிந்து மீண்டும் பூமிக்குள் இறங்குகிறது. அமெரிக்க அறிஞர் ஹாரி ஹெஸ் 1962-ல் வெளியிட்ட கருத்து இது. மறு ஆண்டே வைன், மாத்யூஸ் என்னும் ஆங்கிலேயர் இருவர், இந்துமகா சமுத்திரத்தின் கார்ல்ஸ்பர்க் மலைத்தொடரில் எடுத்த காந்த அளவுகளைக் கொண்டு அதற்கு வலுச் சேர்த்தனர்.

இதனால் ஒரு விந்தை விளங்கும். கடல்களின் தரை பெரும்பாலும் 20 கோடி ஆண்டுகளுக்கு உட்பட்டது. பெங்களூர் லால்பாக் தோட்டத்துப் பாறையின் வயதோ ஏறத்தாழ 300 கோடி ஆண்டுகள். கடலின் தரை பிறந்து மறைகிறது. கண்டத்தின் பழம்பாறை நிலைத்து நிற்கிறது.

பூமியின் மேலோடு, ஆமையோட்டைப் போலப் பல பாளங்களால் ஆனது. நம் நாட்டைத் தாங்கும் பாளம் ஒரு காலத்தில் அண்டார்டிகாவோடும் மடகாஸ்கரோடும் ஒட்டியிருந்தது. அவற்றினின்று பிரிந்து வடக்கே விரைந்து, ஏறத்தாழ 5 கோடி ஆண்டுகளுக்கு முன் ஆசியாவோடு மோதிற்று. இடையிலிருந்த டெதிஸ் கடல் மறைந்தது; அதன் படிவுகள் மடிந்து இமயமாயின. இன்றும் இப்பாளம் ஆண்டுக்கு ஏறத்தாழ 5 சென்டிமீட்டர் நகர்கிறது. நம் விரல் நகம் வளரும் வேகத்தினும் இது சற்றே மிகுதி.

அந்நகர்ச்சியில் ஏறத்தாழ 2 சென்டிமீட்டரை இமயம் தாங்குகிறது. அங்கே பாறைகள் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு வழுவாது நின்றால், 300 ஆண்டுகளில் 6 மீட்டர் நகர்ச்சி தேங்கிவிடும். பிடி தளரும் கணத்தில் அத்தனையும் விடுபடுவதே நிலநடுக்கம். 1950 ஆகஸ்டு 15 அன்று அஸ்ஸாமை உலுக்கியதும், 2015 ஏப்ரல் 25 அன்று நேபாளத்தில் ஏறத்தாழ 9,000 உயிர்களைக் கொண்டதும் இதுவே. கிழக்கே நம் பாளம் சுமத்ரா, அந்தமான் பகுதிகளுக்கு அடியில் இறங்குகிறது. அங்கு 2004 டிசம்பர் 26 அன்று நேர்ந்த நடுக்கமே ஆழிப்பேரலையாகி நாகப்பட்டினக் கரையையும் அழித்தது.

பாளத்தின் விளிம்பில் மட்டுமே ஆபத்து என்று எண்ணிவிடலாகாது. உள்நாட்டுப் பழம்பிளவுகளிலும் அவ்வழுத்தம் வெளிப்படும். 1993-ல் லாத்தூர்ப் பகுதியில் கல்லும் மண்ணும் கொண்டு எழுப்பிய தடித்த சுவர்கள் சரிந்து பல்லாயிரவர் மாண்டனர். 2001 ஜனவரி 26 அன்று கட்சில் நேர்ந்த நடுக்கத்தால், 200 கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள அகமதாபாத்தில் அடுக்குமாடிக் கட்டடங்கள் இடிந்தன. வண்டிகளை நிறுத்துவதற்காகக் கீழ்த்தளத்தைச் சுவரின்றித் தூண்களின் மேல் விட்டவை அவற்றுள் பல.

நிலநடுக்கம் வரும் நாளை முன்கூட்டிச் சொல்ல எவராலும் இயலாது. ஆயின் உயிரைப் பெரும்பாலும் பறிப்பது இடியும் கட்டடமே. அது மனிதன் கட்டியது, திருத்தத்தக்கது. ஆகவே, வெளியூரில் வீடு தேடும் நாம் வாடகையையும் தண்ணீர் வசதியையும் விசாரிப்பதோடு நில்லாது, நிலம் தூர்த்த குளமா, கீழ்த்தளத்தில் சுவர்கள் உண்டா, நிலநடுக்கத்தைத் தாங்கும் விதிப்படி கட்டினரா என்பனவற்றையும் கேட்டறிய வேண்டும். உயரமான அலமாரிகளைச் சுவரோடு பிணைத்து வைத்தல் வேண்டும். நிலம் ஆடத் தொடங்கினால், மாடிப்படியையோ மின்தூக்கியையோ நாடி ஓடாமல், உறுதியான மேசையின் கீழ் ஒடுங்கித் தலையைக் காத்துக்கொள்ள வேண்டும். இவற்றை வீட்டிலுள்ள சிறுவர்க்கும் இன்றே சொல்லி வைப்போமாக.