என்ஜினுக்குப் பவுடர் போடலாமா?

நம் ஊரில் பவுடர் என்றால் முகத்துக்கு. கல்யாண வீடென்றால் கழுத்துக்கும் கொஞ்சம். இரும்புக்கென்று தனியாக ஒரு பவுடர் இருக்கிறது. ஆபீஸில் நீங்கள் உட்கார்ந்திருக்கும் நாற்காலியின் கால், எதிரே ஃபைல் அடுக்கிய ஸ்டீல் ரேக், வீட்டு ஜன்னல் சட்டம் எல்லாவற்றிலும் மழமழவென்று இருப்பது அநேகமாக அதுதான். பவுடர் கோட்டிங்.

விஷயம் சிம்பிள். பிளாஸ்டிக் ரெஸினும் நிறப்பொடியும் கலந்த மாவு. துப்பாக்கி மாதிரி ஒன்றில் அதை ஊதும்போது 60 ஆயிரத்திலிருந்து 1 லட்சம் வோல்ட் வரை மின்னேற்றம் கொடுக்கிறார்கள். எர்த் செய்யப்பட்ட இரும்பில் மாவு தானாகப் போய் ஒட்டிக்கொள்கிறது. பிறகு சுமார் 180, 200 டிகிரி அடுப்பில் கால் மணி நேரம். மாவு உருகி, ஓடிப் பரவி, இறுகிவிடுகிறது. கிட்டத்தட்ட பேக்கரி வேலை.

நாற்காலிக்குப் போடலாம், சரி. கார் என்ஜினுக்கு?

இந்தக் கேள்வி எனக்கு வந்ததற்குக் காரணம் மாமனாரின் அம்பாஸிடர். 1984 மாடல், மார்க் 4, 1489 சிசி பெட்ரோல் என்ஜின். கோல்கத்தா பக்கத்து உத்தர்பாராவில் அந்தக் காரைத் தயாரிப்பதையே 2014-ல் நிறுத்திவிட்டார்கள். மாமனார் மட்டும் நிறுத்தவில்லை. மச்சினிக்குக் கல்யாணம், மாப்பிள்ளை அழைப்பு அந்தக் காரில்தான் என்று சொல்லிவிட்டார். ஹெட் கேஸ்கட் போய் தண்ணீர் குடித்துக் கொண்டிருந்ததால் என்ஜினைப் பிரித்துப் போட்டிருக்கிறோம், ஏனாத்தூரில் என் வீட்டுக் கொட்டகையில்.

"ஸார், எல்லாம் கழட்டியாச்சு. இப்பவே பவுடர் அடிச்சிட்டா பளபளன்னு இருக்கும். பானெட்டைத் தொறந்தா சம்பந்தி வீட்டுக்காரங்க அசந்துருவாங்க" என்றார் மெக்கானிக். ஒரகடம், இருங்காட்டுக்கோட்டை என்று சுற்றிலும் கார் கம்பெனிகள் இருப்பதால், நம் பக்கம் பவுடர் அடிக்கும் பட்டறைக்குப் பஞ்சமில்லை. அவர் சொன்ன தொகையை என் மனைவி உடனே தன் கணக்குக்கு மாற்றிப் பார்த்தாள். "ஏங்க, ஒரு பட்டுப்புடவை. அதை என்ஜினுக்குக் கட்டப் போறீங்களா?"

தெருவில் ஆளுக்கொரு அபிப்பிராயம். அதில் அடிக்கடி காதில் விழுந்தது: "பவுடர் போட்டா சூடு வெளியே போகாது, என்ஜின் வெந்துடும்." மாப்பிள்ளை அழைப்பில் இது சாதாரண விஷயமில்லை. நாதஸ்வரத்துக்குப் பின்னால், நடந்து போகிறவனை விட மெதுவாக, ஃபர்ஸ்ட் கியரில் முக்கால் மணி நேரம் ஊர்ந்தாக வேண்டும். முன்னால் காற்று கிடையாது. அம்பாஸிடரின் ஃபேன் என்ஜின் சுற்றும் வேகத்தில்தான் சுற்றும். ராஜ வீதி நடுவில் ஆவி விட்டால் மாமனார் முகத்தில் நான் எப்படி விழிப்பது?

அதனால் உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். அலுமினியத்தோடு ஒப்பிட்டால் பிளாஸ்டிக், சூட்டைக் கடத்துவதில் ஆயிரத்தில் ஒரு பங்குதான். கேட்கப் பயமாக இருக்கிறது. ஆனால் பூச்சின் கனம் என்ன? 60 முதல் 80 மைக்ரான், அதாவது ஒரு தலைமுடியின் பருமன். இரும்பிலிருந்து காற்றுக்குச் சூடு போவதில் உண்மையான முட்டுக்கட்டை காற்றேதான். அதன் முன்னால் இந்தத் தலைமுடி ஒரு பொருட்டே இல்லை. நூற்றுக்கு ஒன்றோ இரண்டோ. இன்னொரு பக்கம், பாலிஷ் போட்ட வெற்று உலோகத்தை விடப் பூச்சுள்ள பரப்பு சூட்டை நன்றாகவே வீசும். தவிர, அம்பாஸிடர் தண்ணீரால் குளிரும் வண்டி. அதிகச் சூடு தண்ணீரோடு ரேடியேட்டருக்கும், சைலன்ஸர் வழியே தெருவுக்கும் போய்விடுகிறது. தெரு டாக்டர்கள் பயந்த விஷயத்தில் பயமில்லை.

அவர்கள் யோசிக்காத இடத்தில்தான் வம்பு.

பவுடர் பிடிக்க வேண்டுமானால் பழைய பெயின்ட், துரு எல்லாம் போக வேண்டும். அதற்கு மணல் மாதிரியான துகளைக் காற்றழுத்தத்தில் அடிப்பார்கள். டாப்பெட் கவர் உள்ளே, மூச்சுக்குழாய் பக்கத்து இடுக்கில் ஒரு சிட்டிகை துகள் தங்கிவிட்டால் போதும். என்ஜின் ஓடும்போது ஆயிலில் விழுந்து, பேரிங்கைப் போய் அரம் போல ராவும். பிளாக்குக்குள் ஆயில் போகும் சந்துகள் பல உண்டு. அத்தனையிலும் துகள் இல்லை என்று எந்தப் பட்டறைக்காரர் எழுதிக் கொடுப்பார்? மேலும், வார்ப்பிரும்பு நாற்பது வருஷமாக ஆயில் குடித்திருக்கிறது. அடுப்பில் வைத்தால் அது ஆவியாகி வெளியே வரும், பூச்சில் அப்பளம் மாதிரி கொப்புளம். முதலில் வெறுமனே ஒருதரம் சுட்டெடுத்து, துடைத்து, அப்புறம்தான் மாவு. அவசரக் கல்யாணத்தில் அந்தப் பொறுமைக்கு நேரம் ஏது? பிளாக்குக்கு வேண்டாம் என்று அப்போதே முடிவு செய்தேன்.

"ரேடியேட்டருக்காவது?" என்றார் மெக்கானிக். பழைய பித்தளை ரேடியேட்டரின் இணைப்புகள் ஈயப் பற்று. ஈயமும் வெள்ளீயமும் கலந்த பற்று 183 டிகிரியிலேயே இளக ஆரம்பிக்கும். 200 டிகிரி அடுப்பில் ரேடியேட்டராகப் போனது பார்ட் பார்ட்டாகத்தான் திரும்பும். சைலன்ஸர் சேரும் மேனிஃபோல்டின் சூடு பல நூறு டிகிரி. அதில் பவுடர் கருகி நாறும். அதற்கென்று செராமிக் பூச்சு இருக்கிறது, நம் பட்ஜெட்டில் இல்லை.

பவுடரில் கரன்ட் பாயாது என்பதும் ஞாபகம் இருக்க வேண்டும். எர்த் வயர் மாட்டும் இடத்தில் பூச்சு படிந்தால், மாப்பிள்ளை ஏறி உட்கார்ந்த பிறகு ஸ்டார்ட்டர் 'டிக்' என்று ஒரு சத்தம் போட்டுவிட்டுச் சும்மா இருக்கும். கேஸ்கட் உட்காரும் முகத்திலும் மரையிலும் படக்கூடாது. போல்ட் தலைக்கு அடியில் படிந்த பூச்சு நாளாவட்டத்தில் அமுங்கி, முறுக்கு தளரும். என்ஜின் நம்பர் மேல் படிந்தால் எஃப்.சி.க்குப் போகிற அன்று ஆர்.டி.ஓ. ஆபீஸில் பென்ஸில் அச்சு எடுக்க முடியாமல் முழிக்க வேண்டும். இந்த இடங்களை எல்லாம் சூடு தாங்கும் டேப்பால் மறைத்த பிறகே மாவு ஊத வேண்டும்.

இத்தனையையும் மாமனாரிடம் ஒப்பித்தேன். பிள்ளையார்பாளையத்தில் சாயப்பட்டறை வைத்திருந்தவர். கடைசி வரை கேட்டுவிட்டு ஒரே கேள்வி கேட்டார். "மாப்பிள்ளை, சாயம் இருக்கட்டும். பசை எடுக்கிறாங்களா?"

கச்சாப் பட்டில் இயற்கையான பசை ஒன்று உண்டு. காய்ச்சி எடுத்தால் எடையில் சுமார் கால் பங்கு குறைந்துவிடும். அதை எடுக்காமல் சாயம் போட்டால் திட்டுத்திட்டாகத்தான் பிடிக்கும். இரும்பிலும் அதே கதைதான். எண்ணெய்ப் பசை போகக் கழுவி, பாஸ்ஃபேட் குளியல் கொடுத்து, அதன்பின் மாவு. இதில் ஒன்றைத் தாண்டிக் குதித்தால் பூச்சுக்கு அடியில் துரு ஊர்ந்துபோய், ஒருநாள் தோல் மாதிரி உரிந்து வரும். இரண்டு பட்டறைகளில் இதே கேள்வியைக் கேட்டேன். ஒருவர், "அதெல்லாம் தேவையில்ல ஸார், மேல ரெண்டு கோட் அடிச்சுடுவோம்" என்றார். இன்னொருவர் தொட்டி தொட்டியாகக் காட்டினார். காட்டியவரிடம் கொடுத்தேன்.

கொடுத்தது நாலே நாலு. டாப்பெட் கவர், ஏர் கிளீனர் டப்பா, பேட்டரி தட்டு, பேட்டரியை அமுக்கும் கிளாம்ப். கவர் தகரம், வெந்நீர்ப் பானை அளவு சூட்டுக்குக் கொஞ்சம் மேலே போகும், பவுடர் தாங்கும். ஆசிட் தின்னும் பேட்டரி தட்டுக்குத்தான் உண்மையிலேயே பிரயோஜனம், அதை ஒருவரும் எட்டிப் பார்க்கப் போவதில்லை என்றாலும். பிளாக்குக்கு என்ஜின் எனாமல், பிரஷ்ஷால் நானே. புடவை விலை, ரவிக்கைத் துணி விலையாகக் குறைந்ததில் வீட்டில் சந்தோஷம்.

நிறம் மனைவி தேர்ந்தெடுத்தாள். கவர் அரக்கு, ஏர் கிளீனர் மயில்கழுத்து. வியாழக்கிழமை தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். வந்ததும் கவரின் உள்பக்கத்தை வெள்ளைத் துணியால் துடைத்துப் பார்க்கும் பொறுப்பை மாமனார் எடுத்துக்கொண்டிருக்கிறார். துணியில் ஒரு துகள் தெரிந்தாலும் திருப்பி அனுப்புவாராம்.