முத்து ஏன் நின்றது? ஒரு கேள்வியை வைத்துத் தேடிப் பழகுவோம்

மினி ப்ராஜெக்ட் சீசன் வந்தாச்சு. ஹாஸ்டல்ல எந்த ரூமுக்குப் போனாலும் ஒரே பேச்சுதான்: "மச்சி, டைட்டில் கிடைச்சுதா?" போன வருஷம் எங்க டீமும் இப்படித்தான் அலைஞ்சது. கடைசியில் மன்னார் வளைகுடா பவளப்பாறைகளைப் படத்தை வைத்து அடையாளம் காணும் ஒரு மாடல் செய்தோம். நன்றாகவே ஓடியது. ரெவ்யூவில் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்கள். "இந்தப் படங்களெல்லாம் எந்தக் கடல்ல எடுத்தது?"

எங்களுக்குத் தெரியவில்லை. "நெட்ல எடுத்தோம் சார்" என்று சொல்லிவிட்டு வெளியே வந்து பார்த்தால், ஆஸ்திரேலியாவில் எடுத்த படங்கள். நம்ம கடலுக்காகச் செய்த வேலையில் நம்ம கடல் ஒரு துளிகூட இல்லை!

எட்டயபுரத்தில் இருந்துகொண்டு கடல் ஆராய்ச்சிக்கு எங்கே போவது என்று நீங்க கேட்கலாம். சுற்றிலும் கரிசல் காடு. கடலைப் பார்க்கணும்னா விளாத்திகுளம் தாண்டி வேம்பார், வைப்பார் பக்கம் போகணும், இல்லேன்னா தூத்துக்குடிக்கு பஸ் ஏறணும். பெரிய நூலகமும் பக்கத்தில் இல்லை. ஆனால் இந்தக் கடலைப் பற்றி நூறு வருஷத்துக்கும் மேலாக எழுதி வைத்தது நிறைய இருக்கு, அதில் பெரும்பகுதி இலவசம். எங்கே இருக்கு, எப்படித் தேடுவது, எதை நம்புவது என்று ஒரு உதாரணத்தோடு சொல்கிறேன். வெறும் லிஸ்ட் கொடுத்தால் நீங்க புக்மார்க் பண்ணிட்டு மறந்துடுவீங்க. அதனால் ஒரு கேள்வியை எடுத்துக்கொள்வோம்: தூத்துக்குடியில் முத்துக்குளிப்பு ஏன் நின்றது?

முதலில் கேள்வியைச் சரி பண்ணுங்க

நம்மில் பலர் பட்டென்று சொல்லும் பதில், "அளவுக்கு மீறி எடுத்தாங்க, தீர்ந்துபோச்சு." கேட்க நியாயமாகத்தான் இருக்கு. பழைய பதிவுகளைத் திறந்தால் கதை கொஞ்சம் மாறுகிறது.

நம் கரையில் கடைசியாக முத்துக்குளிப்பு நடந்தது 1961-இல். 1955-இலிருந்து தொடர்ந்து சில வருஷம் நடந்து, அதோடு நின்றது. சரி, 1955-க்கு முன்னாடி? 1928. நடுவில் கால் நூற்றாண்டுக்கும் மேல் ஒன்றுமில்லை. இன்னும் பின்னால் போனால் 1830-இல் ஒரு குளிப்பு, அடுத்தது 1860-இல். அந்த இடைவெளியிலும் அதிகாரிகள் அடிக்கடி கடலடியைச் சோதித்துப் பார்த்து, விளைந்த சிப்பி இல்லை என்று திரும்பியிருக்கிறார்கள்.

ஆக, இடைவெளி விழுவது இந்தக் கடலுக்குப் பழக்கம்தான். இப்போது கேள்வி வேறாகிறது: முன்பெல்லாம் இடைவெளிக்குப் பிறகு சிப்பி திரும்பி வந்ததே, 1961-க்குப் பிறகு ஏன் வரவில்லை? ஒரே ஒரு ஆண்டுப் பட்டியலைப் பார்த்ததில் கிடைத்த திருத்தம் இது. நல்ல ஆதாரம் முதலில் நம்ம கேள்வியைத்தான் சரி பண்ணும். பதில் அப்புறம்தான்.

உயிரியல் பக்கம்: சிப்பியைப் பற்றி எங்கே படிப்பது?

முதல் கதவு, மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம். சிஎம்எஃப்ஆர்ஐ என்றால் எல்லோருக்கும் தெரியும். 1947-இல் தொடங்கிய நிறுவனம். மண்டபத்தில் பல ஆண்டுகள் இருந்து, பிறகு தலைமையகம் கொச்சிக்குப் போனது. தூத்துக்குடியில் அதன் ஆராய்ச்சி மையம் இருக்கு. இவர்களுடைய கட்டுரைகள், அறிக்கைகள் எல்லாம் 'ஈபிரிண்ட்ஸ்' என்ற இணையக் களஞ்சியத்தில் கிடைக்கின்றன. பெரும்பாலானவற்றுக்குக் காசும் வேண்டாம், லாகினும் வேண்டாம்.

அதில் நீங்க தேட வேண்டிய முதல் பெயர்கள் மகாதேவன், நாகப்பன் நாயர். 1960-களில் ஸ்கூபா கருவியோடு தூத்துக்குடிக் கடலுக்குள் இறங்கி, முத்துப் பார்களின் தரையை நேரில் பார்த்து எழுதியவர்கள். 'பார்' என்றால் சிப்பி ஒட்டி வளரும் கடலடிக் கெட்டித்தரை. அடுத்து அழகர்சாமி. 1973-இல் நம் நாட்டில் முதன்முதலாக உருண்டையான வளர்ப்பு முத்தை உருவாக்கிக் காட்டியவர். பண்ணை இருந்த இடம் வேப்பலோடை, நமக்குப் பக்கத்துக் கடற்கரைதான். நம்ம பசங்க எத்தனை பேருக்கு இது தெரியும்?

அடுத்த கதவு, பயோடைவர்சிட்டி ஹெரிட்டேஜ் லைப்ரரியும் இன்டர்நெட் ஆர்க்கைவும். காப்புரிமைக் காலம் முடிந்த பழைய நூல்கள் இங்கே முழுசாகக் கிடைக்கும். ஹெர்ட்மன் என்ற ஸ்காட்லாந்து விலங்கியலாளர் இலங்கைக் கரையின் முத்துப் பார்களை ஆராய்ந்து எழுதிய அறிக்கை 1903 முதல் 1906 வரை ஐந்து பகுதிகளாக வந்தது. அவருக்கு உதவியாளராக வந்த ஜேம்ஸ் ஹார்னெல் பின்னாளில் சென்னை மாகாண மீன்வளத் துறையில் வேலை பார்த்து, நம் பக்கத்து முத்தையும் சங்கையும் பற்றி எழுதினார்.

இங்கே ஒரு எச்சரிக்கை. முத்து எப்படி உருவாகிறது என்பதற்கு ஹெர்ட்மன் சொன்ன காரணம், சிப்பிக்குள் புகும் நாடாப்புழுவின் இளம்புழு. அன்றைக்கு அது பெரிய அறிவியல். பிறகு அது நிற்கவில்லை. சிப்பியின் மேலுறைத் திசுதான் முத்துப் படலத்தைச் சுரக்கிறது. அந்தத் திசுவில் ஒரு துண்டையும் ஓட்டில் செய்த ஒரு மணியையும் சிப்பிக்குள் வைத்துத்தான் வளர்ப்பு முத்து எடுக்கிறார்கள். அதனால் பழைய நூலில் 'பார்த்தது' என்று எழுதியிருப்பதை எடுத்துக்கொள்ளுங்க. 'இதனால்தான்' என்று எழுதியிருப்பதைப் புதிய கட்டுரையோடு ஒப்பிட்டுப் பாருங்க.

பெயரும் மாறும். அன்றைக்கு மார்கரிடிஃபெரா வல்காரிஸ் என்று எழுதிய அதே சிப்பியைப் பிற்காலக் கட்டுரைகள் பிங்க்டாடா ஃபுகாடா என்கின்றன. கடல் உயிரிகளின் பெயர்களைச் சரிபார்க்க 'வோர்ம்ஸ்' என்ற உலகப் பதிவேடு இருக்கு. பழைய பெயரை அடித்தால் இப்போதைய பெயரைக் காட்டும்.

ஊர்ப் பெயருக்கும் இதே கதைதான். 'தூத்துக்குடி' என்பதை இன்றைய ஆங்கில எழுத்தில் அடித்தால் புதுசு மட்டும்தான் வரும். 'டூட்டிகோரின்' என்று அடித்துப் பாருங்க, பழைய உலகமே திறக்கும். மன்னாரை ஒரு 'என்' போட்டும், இரண்டு 'ஏ' போட்டும் எழுதியிருக்கிறார்கள். எல்லாவற்றையும் முயற்சி பண்ணுங்க. ஸ்கேன் செய்த பழைய பக்கங்களில் எழுத்துகள் தப்பாகப் பதிவாகியிருக்கும். கண்ட்ரோல் எஃப் அடித்து வரலைன்னா இல்லைன்னு அர்த்தம் இல்லை. பொருளடக்கத்தைப் புரட்டுங்க.

சமூகப் பக்கம்: குளித்தவர்கள் யார்?

சிப்பி தானாக மேலே வராது. ஒருவர் கல்லைக் கட்டிக்கொண்டு மூச்சை அடக்கி இறங்கணும். மேலே படகில் ஒருவர் கயிறு பிடிக்கணும். எடுத்த சிப்பியில் அரசுக்கு மூன்றில் இரண்டு பங்கு, குளித்தவர்களுக்கு ஒரு பங்கு என்பதே பிரிட்டிஷ் காலத்தில் நம் கரையில் இருந்த வழக்கம். சுறா வராமல் மந்திரம் சொல்லிக் 'கடல் கட்டுபவர்' ஒருவரும் கூடவே இருந்திருக்கிறார். இதெல்லாம் உயிரியல் கட்டுரையில் வராது.

இதற்கு முதல் ஆதாரம் எட்கர் தர்ஸ்டன். சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்தவர். 1890-இல் மன்னார் வளைகுடாவின் முத்து, சங்கு, கடல் உயிரினங்கள் பற்றி எழுதினார். அதே மனிதர், ரங்காச்சாரியுடன் சேர்ந்து 1909-இல் தென்னிந்தியச் சாதிகள், பழங்குடிகள் பற்றி ஏழு தொகுதிகள் வெளியிட்டார். பரதவர் பற்றிய பதிவும் அதில் உண்டு. இன்டர்நெட் ஆர்க்கைவில் இரண்டையும் படிக்கலாம். கூடவே கால்டுவெல் 1881-இல் எழுதிய திருநெல்வேலி வரலாறு, 1917-இல் பேட் தொகுத்த திருநெல்வேலி மாவட்டக் கெசட்டியர். எட்டயபுரம் ஜமீன் பற்றியும் அவற்றில் வரும்.

ஆனால் தர்ஸ்டனைப் படிக்கும்போது ஒன்றை மனசில் வையுங்க. சிப்பியை அளந்த அதே பார்வையில் அவர் மனிதர்களின் மூக்கையும் மண்டையையும் அளந்தார். அளவை வைத்து மனிதர்களைத் தரம் பிரிக்க முயன்ற காலம் அது. அவர் பதிந்த வழக்கங்கள் நமக்கு உதவும். அவர் செய்த தீர்ப்புகளை அப்படியே காப்பி பண்ணி ரிப்போர்ட்டில் போட்டால், நம்ம கூடப் படிக்கிற நண்பனின் தாத்தாவைப் பற்றி நாமே தப்பாக எழுதினதாக ஆகிவிடும்.

இன்றைய நிலவரத்துக்கு சிஎம்எஃப்ஆர்ஐ நடத்திய கடல் மீனவர் கணக்கெடுப்பு இருக்கு. 2005, 2010, 2016 ஆண்டுகளில் எடுத்தவை கிடைக்கும். குடும்பங்கள், படிப்பு, படகு வகை எல்லாம் அதில் உண்டு. உள்நாட்டுக் கிராமங்களுக்கு 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் மாவட்டக் கையேடு. பள்ளிக்கூடம், தண்ணீர், பஸ் வசதி என்று ஊர்வாரியாகக் கொடுத்திருப்பார்கள். முனைவர் பட்ட ஆய்வேடுகளுக்கு ஷோத்கங்கா. நம்ம பக்கத்துப் பல்கலைக்கழக ஆய்வேடுகளையும் அங்கே தேடலாம். பழைய தமிழ் நூல்களுக்குத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம்.

இரண்டையும் ஒட்டிப் பாருங்க

இப்போது நம்ம கேள்விக்கு வருவோம். சிப்பி ஏன் திரும்பவில்லை? உயிரியல் பக்கம் சொல்லும் காரணங்கள் பல. நீரோட்டம் இளம்புழுக்களை வேறு பக்கம் அடித்துக்கொண்டு போவது, மணல் வந்து பாரை மூடுவது, திருக்கை போன்ற மீன்கள் சிப்பியைத் தின்பது, வேறு மட்டிகள் கூட்டமாகப் படர்ந்து இளஞ்சிப்பியை அமுக்கிவிடுவது. இவையெல்லாம் முன்பும் இருந்தவை. சமூகப் பக்கத்தில் புதுசாக வந்தவை, அடித்தரையைச் சுரண்டும் இழுவைமடி, பவளப்பாறையை வெட்டி எடுத்தது, கரையோர ஆலைக் கழிவு. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளில் பூவரசன்பட்டி, விலாங்குசல்லி என்ற இரண்டு கடலுக்குள் மூழ்கிவிட்டன. 1986-இல் தேசியப் பூங்கா, 1989-இல் உயிர்க்கோளக் காப்பகம் என்று பாதுகாப்பு வந்ததும் இந்தப் பின்னணியில்தான்.

எந்தக் காரணம் எவ்வளவு என்பதில் ஒரே வரித் தீர்ப்பு கிடையாது. ஆனால் ஒரு பக்கத்தை மட்டும் படித்தவர் இயற்கைதான் காரணம் என்பார், இன்னொரு பக்கத்தை மட்டும் படித்தவர் மனிதர்தான் என்பார். இரண்டையும் அருகருகே வைத்து ஆண்டுவாரியாக ஒரு அட்டவணை போட்டுப் பாருங்க. எந்தக் காரணம் 1961-க்கு முன்பே இருந்தது, எது பின்னால் வந்தது என்று அதுவே பிரித்துக் காட்டும். அந்த அட்டவணையே ஒரு நல்ல ப்ராஜெக்ட்.

வரைபடத்தில் புள்ளி இல்லாத ஊர்

ஜிபிஐஎஃப், கடலுக்கு ஓபிஸ் என்று இரண்டு உலகத் தரவுத்தளங்கள் இருக்கு. எந்த உயிரினம் எந்த இடத்தில் பதிவானது என்று வரைபடத்தில் புள்ளி புள்ளியாகக் காட்டும். டவுன்லோட் பண்ணிக்கொள்ளலாம். மெஷின் லேர்னிங் கூட்டத்துக்கு இதைப் பார்த்ததும் கை துறுதுறுக்கும். கொஞ்சம் பொறுங்க. அந்தப் புள்ளி, உயிரினம் இருக்கும் இடத்தைக் காட்டுவதில்லை. யாரோ போய்ப் பார்த்துப் பதிந்த இடத்தைத்தான் காட்டுகிறது. யாருமே பார்க்காத கண்மாயில் புள்ளி இருக்காது. மாடல் அதைப் 'பறவையே இல்லாத இடம்' என்று கற்றுக்கொள்ளும். நாளைக்கு யாராவது அந்த மாடலை வைத்துத் திட்டம் போட்டால், நம்ம கண்மாய் கணக்கிலேயே வராது.

இதைச் சரி செய்ய உங்களால் முடியும். ஐநேச்சுரலிஸ்ட், ஈபேர்ட் இரண்டும் போனிலேயே ஓடும். பொங்கல் சமயத்தில் தமிழ்நாடு முழுக்கப் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு நடக்கும். தாமிரபரணி நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நெல்லை, தூத்துக்குடி மாவட்டக் குளங்களுக்குத் தன்னார்வலர்களைச் சேர்த்துக்கொள்கிறது. லீவுக்கு ஊருக்குப் போகும்போது அரை மணி நேரம் கண்மாய்க் கரையில் நில்லுங்க, போதும்.

ஒன்று மட்டும். கடற்கரையில் பவளத் துண்டு, கடல் அட்டை, கடல் குதிரை எதையும் 'ஸ்பெசிமன்' என்று எடுத்து வராதீங்க. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். போட்டோ போதும்.

ஆசிரியர்களுக்கும், என்எஸ்எஸ் நண்பர்களுக்கும்

சுற்றுவட்டாரப் பள்ளிகளுக்குப் போகும்போது பவர்பாயின்ட் வேண்டாம். ஹெர்ட்மனின் நாடாப்புழு விளக்கத்தை ஒரு தாளிலும், வளர்ப்பு முத்து எடுக்கும் முறையை இன்னொரு தாளிலும் எளிய தமிழில் எழுதிக் கொடுங்க. "ரெண்டுல எது சரி? எப்படிக் கண்டுபிடிப்பே?" என்று கேளுங்க. அறிவியல் தன்னைத் தானே திருத்திக்கொள்ளும் என்பதை ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் அரை மணி நேரத்தில் பிடித்துக்கொள்வார்கள்.

கடைசியாக, இணையத்தில் இல்லாத ஆதாரம்

முத்துக்குளிப்பு நின்றாலும் தூத்துக்குடியில் சங்குகுளிப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். பார்களின் பெயர்களைக் கட்டுரைகளில் ஆங்கில எழுத்தில் பார்த்திருப்பீங்க. அந்தப் பெயர் ஏன் வந்தது, கரையில் எந்தக் கோபுரத்தை, எந்த மரத்தை அடையாளம் வைத்து அங்கே போனார்கள் என்று சொல்லக்கூடியவர்கள் அவர்களும் அவர்கள் வீட்டுப் பெரியவர்களும்தான். 1961-இல் இருபது வயதில் குளித்த ஒருவருக்கு இன்று எண்பதைத் தாண்டியிருக்கும். எந்தக் களஞ்சியத்திலும் இது ஏறவில்லை என்றால், அவர்களோடு போய்விடும்.

போய்ப் பேசுங்க. முதலில் எதற்காகக் கேட்கிறோம் என்று சொல்லுங்க. ரெக்கார்ட் பண்ணலாமா, பெயரைப் போடலாமா என்று கேளுங்க. 'வேண்டாம்' என்றால் விட்டுடுங்க. எழுதி முடித்ததும் ஒரு பிரதியைக் கொண்டுபோய் அவர்களிடமே வாசித்துக் காட்டுங்க, தப்பு இருந்தால் திருத்தட்டும். தர்ஸ்டன் செய்யாத வேலை இது.

அடுத்த ரெவ்யூவில் "டேட்டா எங்கேருந்து எடுத்தீங்க?" என்று கேட்டால், "வேப்பலோடையில், இந்தத் தேதியில், இந்த ஐயாவிடம் கேட்டு எழுதியது சார்" என்று சொல்லிப் பாருங்க.