சூடும் பூவும் உண்ணும் பூவும்

குறிஞ்சிப்பாட்டைக் கற்பிக்கும்போது மாணவர் என்னிடம் கேட்கும் வினா ஒன்றுண்டு: "சேர், கபிலர் சொன்ன 99 பூக்களிலே எவற்றைச் சாப்பிடலாம்?" நகைத்துவிட்டுப் போகக்கூடிய வினா அன்று அது.

அப்பட்டியலின் முதற்பூ செங்காந்தள். மாரி காலத்தில் நம் வேலிகளிலே சுடர்விடும் கார்த்திகைப் பூ அதுவே. அச்செடி முழுவதிலும், சிறப்பாகக் கிழங்கிலும் விதையிலும், கொல்சிசின் என்னும் நஞ்சு உண்டு. கிழங்கை வற்றாளையென மயங்கி அவித்துண்டு மாண்டோர் இலங்கையிலே உளர். அவித்தாலும் அந்நஞ்சு அழியாது. சில மணி நேரத்தில் வாந்தியும் வயிற்றோட்டமும் தொடங்கும். தப்பியவருக்கும் பின்னர் தலைமயிர் உதிரும். கபிலர் காட்டும் மகளிர் பூக்களைப் பறித்துப் பாறையிலே குவித்தனர், கூந்தலிலே சூடினர். உண்டதாக அவர் பாடவில்லை.

உண்ணும் பூவையும் சங்கப் புலவர் அறிந்திருந்தனர். இருப்பைப் பூவைக் கரடி விரும்பித் தின்பதைப் பாடினர். அதுவே நமது இலுப்பை. 'ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப் பூச் சர்க்கரை' என்ற பழமொழி அதன் இனிப்புக்குச் சான்று. வேப்பம்பூ வடகமும், வாழைப்பூ, அகத்திப்பூ, முருங்கைப்பூக் கறிகளும் நமது அடுக்களை அறிந்தவையே.

இனி, ஆலயத்துப் பூக்களை நோக்குவோம். சிவபெருமானுக்கு எருக்கும் ஊமத்தையும் அலரியும் உகந்தவை. மூன்றும் நச்சுச் செடிகள். அலரி இதயத் துடிப்பைக் குலைக்கும். ஊமத்தை நாவை வரட்டிச் சித்தத்தைக் கலக்கும். 'உன்மத்தம்' என்னும் அதன் வடமொழிப் பெயருக்குப் பித்து என்பதே பொருள். நஞ்சுண்ட கண்டனுக்கு நச்சுப் பூவைச் சூட்டியதிலே ஒரு பொருத்தம் இருக்கிறதன்றோ! பூசைக்குரியதெல்லாம் பந்திக்குரியதன்று என்பதைப் பிள்ளைகளுக்கு விளக்க இதனினும் எளிய வழி எனக்குத் தெரியவில்லை.

'பால் வடிந்தால் நஞ்சு' என்று சிலர் கூறுவர். அலரியிலும் எருக்கிலும் பால் வடியும். இனிய இலுப்பையிலும் வடியும். கொடிய ஊமத்தையிலோ வடியாது. பறவை தின்றது மனிதருக்கும் ஆகும் என்பதும் பிழையான எண்ணம். பெயரும் மயக்கும். செவ்வலரி பண்டைக்காலம் முதல் நாமறிந்தது. மஞ்சள் அலரியோ அமெரிக்க வெப்ப நாடுகளிலிருந்து வந்த வேறொரு மரம். நச்சிலே இரண்டும் உறவு.

ஆகவே நேயர்களே, ஐயமற இனங்கண்ட பூவை மட்டுமே உண்ணுங்கள். அதிலும் உண்ணத்தக்க பகுதியையே கொள்ளுங்கள். அகத்திப்பூவின் உள்நரம்பை நம் தாய்மார் களைவது காண்கிறோம். புதிதாக உண்பதாயின் சிறிதளவே உண்ணுங்கள். கடையில் மாலைக்கென விற்கும் பூவிலே பூச்சிமருந்து படிந்திருக்கலாம். அது கறிக்கு ஆகாது. குழந்தை நச்சுப் பூவையோ காயையோ தின்றுவிட்டால், வாந்தி வரட்டும் எனக் காத்திராது, அச்செடியின் கொப்பொன்றையும் எடுத்துக்கொண்டு உடனே வைத்தியசாலைக்கு விரையுங்கள்.

கபிலர் 99 பூக்களையும் பெயர் சொல்லியே பாடினார். நம் பிள்ளைகள் தம் வளவிலுள்ள ஒன்பது பூக்களையேனும் பெயர் சொல்ல அறிந்தால், அது இலக்கிய அறிவு மட்டுமன்று, உயிர்க்காவலும் ஆகும்.