புள்ளடி போடும் முன் வரியைப் பற்றியும் கேட்போம்: மன்னார் வியாபாரியும் மீனவரும் அறிய வேண்டியவை

2019 நவம்பர் 16, ஜனாதிபதித் தேர்தல் நாள். புத்தளத்தில் வாழும் இடம்பெயர்ந்த மன்னார் முஸ்லிம்கள் தமது சொந்த மாவட்டத்தில் வாக்களிக்க பஸ்களில் புறப்பட்டார்கள். தந்திரிமலைப் பகுதியில் அந்த பஸ்கள் மீது துப்பாக்கிச் சூடும் கல்வீச்சும் நடத்தப்பட்டன. அல்ஹம்துலில்லாஹ், உயிர்ச்சேதம் ஏற்படவில்லை. மக்கள் பயத்தை விழுங்கிக்கொண்டு மன்னார் சென்று வாக்களித்தார்கள்.

அது நம் எல்லோருக்கும் நினைவிருக்கிறது. ஆனால் அதற்குப் பதினொரு நாட்களின் பின், நவம்பர் 27ஆம் திகதி புதிய அமைச்சரவை எடுத்த தீர்மானம் நம்மில் எத்தனை பேருக்கு நினைவிருக்கிறது? வற் வரி 15 வீதத்திலிருந்து 8 வீதமாகக் குறைக்கப்பட்டது. தேசத்தைக் கட்டியெழுப்பும் வரி நீக்கப்பட்டது. வற் பதிவுக்கான வருடாந்தப் புரள்வு எல்லை ஒரு கோடி 20 இலட்சத்திலிருந்து 30 கோடி ரூபாவாக உயர்த்தப்பட்டது. இது திடீரென வந்ததும் அல்ல. வெற்றி பெற்றவரின் தேர்தல் விஞ்ஞாபனத்திலேயே வரிக்குறைப்பு இருந்தது. அன்றைய நிதியமைச்சர் மங்கள சமரவீர, இதை நடைமுறைப்படுத்தினால் நாடு வங்குரோத்தாகும் என்று தேர்தலுக்கு முன்பே எச்சரித்தார்.

நாம் அதைக் கேட்கவில்லை. உயிர்த்த ஞாயிறு தாக்குதலுக்குப் பிந்திய அந்த மாதங்களில் நம் பேச்செல்லாம் பாதுகாப்பைப் பற்றியே இருந்தது. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் வரியைப் பற்றி நாம் பேசாவிட்டாலும் வரி நம்மை விட்டுவைக்கவில்லை.

வங்குரோத்து கடற்கரைக்கு வந்த வழி

2021இல் அரசின் வரி வருமானம் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 8 வீதத்துக்கும் கீழே போனது. கொவிட் பெருந்தொற்று, உல்லாசப் பயணத்துறையின் வீழ்ச்சி, ஒரே இரவில் கொண்டுவந்த இரசாயன உரத்தடை எல்லாம் சேர்ந்துகொண்டன. 2022 ஏப்ரல் 12ஆம் திகதி வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்த முடியாதென அரசு அறிவித்தது. அந்த ஆண்டு செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்படி பணவீக்கம் 69.8 வீதத்தைத் தொட்டது.

இது மன்னாருக்கு எப்படி வந்தது? 2022 ஓகஸ்ட் மாதம் ஒரு லீற்றர் மண்ணெண்ணெய் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக ஒரே நாளில் உயர்ந்தது. தலைமன்னார் முதல் சிலாவத்துறை வரை கரையோரச் சிறு படகுகள் மண்ணெண்ணெயில்தான் ஓடுகின்றன. இந்திய இழுவைப் படகுகளுக்கு வலைகளைப் பறிகொடுத்த மீனவனுக்கு, கடலுக்குப் போனாலும் நட்டம், போகாவிட்டாலும் பட்டினி என்ற நிலை வந்தது. பின்னர் விலை இறங்கினாலும் பழைய 87 ரூபா திரும்பி வரவில்லை.

2023 நவம்பர் 14ஆம் திகதி உயர் நீதிமன்றம், கோட்டாபய, மஹிந்த, பசில் ராஜபக்ஷ உள்ளிட்டோர் பொருளாதார நெருக்கடிக்குப் பொறுப்பானவர்கள் என்றும் மக்களின் நம்பிக்கையை மீறினார்கள் என்றும் தீர்ப்பளித்தது. தீர்ப்பு வந்தது, ஆனால் விலையைக் கொடுப்பவர்கள் நாம்தான்.

விலக்கு என்றால் வரி இல்லை என்று அர்த்தமல்ல

2023 மார்ச்சில் சர்வதேச நாணய நிதியம் சுமார் 3 பில்லியன் டொலர் கடன் வேலைத்திட்டத்துக்கு அனுமதி கொடுத்தது. அதற்கு முன்னும் பின்னுமாக வரிகள் ஏறின. வற் 8இலிருந்து 12 ஆகி, 15 ஆகி, 2024 ஜனவரி முதல் 18 வீதம் ஆனது. அதுவரை விலக்களிக்கப்பட்டிருந்த டீசல், பெற்றோல், சமையல் எரிவாயு போன்றவையும் வற் வலைக்குள் வந்தன. பதிவு எல்லை 2024இல் 6 கோடி ரூபாவாக இறக்கப்பட்டது.

“மீனுக்கு வற் இல்லையே, நமக்கென்ன?” என்று சிலர் கேட்கிறார்கள். பதப்படுத்தப்படாத உள்ளூர் மீனுக்கு வற் இல்லை என்பது உண்மை. ஆனால் வற் வரியின் சூட்சுமம் வேறு இடத்தில் இருக்கிறது. பதிவு செய்த வியாபாரி, தான் வாங்கும்போது கட்டிய வற்றை, விற்கும்போது அறவிட்ட வற்றிலிருந்து கழித்துக்கொள்ளலாம். விலக்களிக்கப்பட்ட பொருளை விற்பவருக்கு அந்த வழி இல்லை. மன்னாரிலிருந்து கொழும்புக்கு மீன் ஏற்றும் லொறியின் டீசலிலும் டயரிலும் உதிரிப்பாகத்திலும் 118 ரூபாவுக்கு 18 ரூபா வரியாக இருக்கிறது. அதை யாரும் அவருக்குத் திருப்பித் தருவதில்லை. அந்தச் செலவு கரையில் மீனவனுக்குக் கிடைக்கும் விலையில் குறைகிறது, அல்லது சந்தையில் வாங்குபவரின் தலையில் ஏறுகிறது.

புரள்வு வேறு, இலாபம் வேறு

இனி வியாபாரியைப் பார்ப்போம். வருடத்துக்கு 6 கோடி ரூபா என்றால் பெரிய முதலாளி என்று தோன்றும். கணக்குப் பார்த்தால் அது நாளொன்றுக்குச் சுமார் ஒரு இலட்சத்து 64 ஆயிரம் ரூபா விற்பனை. மன்னார் நகரில் ஓரளவு ஓடும் ஒரு மொத்த விற்பனைக் கடைக்கு இது எட்டாத தொகை அல்ல.

2022 ஒக்டோபர் முதல் 2.5 வீத சமூகப் பாதுகாப்புப் பங்களிப்பு வரி நடைமுறையில் இருக்கிறது. இது இலாபத்தின் மீதல்ல, புரள்வின் மீது விழுவது. மொத்த, சில்லறை வியாபாரத்தில் புரள்வின் பாதிக்கு இந்த வரி. அதாவது முழுப் புரள்வில் 1.25 வீதம்.

உதாரணமாக, ஒரு வியாபாரி வருடத்தில் 6 கோடிக்கு விற்று, 3 வீதம் இலாபம் காண்கிறார் என்று வைத்துக்கொள்வோம். இலாபம் 18 இலட்சம். வேறு வருமானம் இல்லாவிட்டால், 2024இல் இருந்த விதிப்படி 12 இலட்சம் விலக்குப் போக மீதி 6 இலட்சத்துக்கு அவருடைய வருமான வரி 42,000 ரூபா. ஆனால் சமூகப் பாதுகாப்பு வரி ஏழரை இலட்சம்! விலையில் ஏற்றி வாடிக்கையாளரிடம் வாங்க முடிந்தால் அவர் தப்புவார். பக்கத்துக் கடைக்காரர் அந்த வரிக்கு உட்படாதவராக இருந்தால் விலையை ஏற்றவும் முடியாது.

ஸகாத்தும் இரண்டரை வீதம்தான். ஆனால் அது நிஸாபை அடைந்து ஒரு வருடம் பூர்த்தியான செல்வத்திலிருந்து எடுக்கப்படுவது. கைமாறிப் போகும் பணத்தின் மீது விதிக்கப்படுவதல்ல. கொடுக்கக்கூடியவரிடமிருந்து எடுப்பது என்ற நியாயத்தை நாம் ஏற்கனவே அறிவோம். அதே அளவுகோலை அரசின் வரிக்கும் வைத்துப் பார்க்கலாம்.

அப்படிப் பார்க்கும்போது இன்னொரு பக்கமும் தெரிகிறது. 2008ஆம் ஆண்டின் தந்திரோபாய அபிவிருத்திக் கருத்திட்டச் சட்டத்தின் கீழ் பெரிய முதலீட்டாளருக்கு 25 வருடங்கள் வரை வரிவிலக்கு வழங்க இடமளிக்கப்பட்டது. 2021இன் கொழும்புத் துறைமுக நகரச் சட்டத்தில் அது 40 வருடங்கள் வரை போனது. இத்தகைய விலக்குகள் பற்றி வெளிப்படைத்தன்மை வேண்டுமென்று நாணய நிதியமே 2023 செப்டெம்பரில் வெளியிட்ட ஆளுகை அறிக்கையில் சொல்லியிருக்கிறது. 1990இல் கையில் ஒன்றுமில்லாமல் வெளியேற்றப்பட்டு, திரும்பி வந்து, நகையை அடகு வைத்துக் கடை திறந்தவருக்கு எந்த அரசும் அப்படியொரு வரிவிலக்குக் காலம் கொடுத்ததில்லை.

வேட்பாளர்களிடம் கேட்க வேண்டியவை

2024 செப்டெம்பர் 21 தேர்தலில் அப்போதைய ஜனாதிபதி ரணில் விக்ரமசிங்க, அன்றைய வழியே ஒரே வழி என்றார். முஸ்லிம் காங்கிரஸும் மக்கள் காங்கிரஸும் ஆதரித்த சஜித் பிரேமதாச, நாணய நிதியத்துடன் மீண்டும் பேசி மக்களின் சுமையைக் குறைப்பேன் என்றார். அநுர குமார திசாநாயக்கவும் மறுபேச்சு நடத்துவதாகச் சொன்னார். வருமான வரி விலக்கை மாதம் ஒரு இலட்சத்திலிருந்து இரண்டு இலட்சமாக உயர்த்துவதாகவும், அத்தியாவசிய உணவு, சுகாதாரம், கல்வி ஆகியவற்றில் வற்றை நீக்குவதாகவும் அவரது விஞ்ஞாபனம் கூறியது.

கேட்க இனிமையாக இருந்தது. ஆனால் 2024 ஜூலையில் பாராளுமன்றம் நிறைவேற்றிய பொருளாதார மாற்றச் சட்டம், 2032 வரை மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 2.3 வீத முதன்மை மிகையைக் கேட்டது. கடன் வட்டியை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால், அரசு செலவழிப்பதைவிட அதிகமாகச் சம்பாதிக்க வேண்டும் என்பதே இதன் பொருள். யார் வென்றாலும் இந்தக் கட்டு இருக்கும் என்ற நிலையே அன்று இருந்தது. ஆகவே ஒரு வரியைக் குறைப்பேன் என்பவரிடம், “அந்தப் பணத்தை எங்கிருந்து எடுப்பீர்கள்?” என்பதே முதல் கேள்வியாக வேண்டும். 2019இல் நாம் கேட்கத் தவறியதும் இதைத்தான்.

இரண்டாவது, இலாபமில்லாத புரள்வுக்கு வரி விதிப்பது எப்போது முடியும்? மூன்றாவது, சிறு படகுக்கு எரிபொருள் நிவாரணம் நிரந்தரமாக உண்டா, தேர்தல் மாதத்துக்கு மட்டுமா? நான்காவது, மன்னார்த் தீவின் காற்று யாருக்கு? இங்கே மின்சார சபையின் 103.5 மெகாவோட் காற்றாலைகள் 2024இல் ஏற்கனவே சுழன்றுகொண்டிருந்தன. அதானி நிறுவனத்திடமிருந்து அலகொன்றை 8.26 அமெரிக்க சதத்துக்கு 20 வருடங்கள் வாங்க 2024 மே மாதம் அமைச்சரவை அங்கீகரித்தது. அதை எதிர்த்து அப்போது உயர் நீதிமன்றத்தில் வழக்குகள் இருந்தன. மன்னார் மக்களுக்கு இத்தகைய திட்டங்களால் என்ன கிடைக்கும் என்று மேடையில் சொல்லட்டும்.

நம் ஊருக்கு வாக்குக் கேட்டு வருபவர்களிடம் பள்ளிவாசல் நிர்வாகங்களும் வர்த்தக, மீனவர் சங்கங்களும் இந்த நான்கையும் எழுத்தில் கொடுத்துப் பதிலை எழுத்தில் வாங்கலாம். யாருக்கு வாக்களிப்பது என்பது அவரவர் முடிவு. வாக்கு ஓர் அமானிதம். துப்பாக்கிச் சூட்டையும் தாண்டிச் சென்று அதைக் காத்த மக்களுக்கு, அந்த வாக்கு தம் வீட்டு அடுப்பை என்ன செய்யும் என்று கேட்கும் உரிமையும் இருக்கிறது.