வீட்டுக் குப்பையும் முஸ்லிமின் பொறுப்பும்

 



ஈமானுக்கு எழுபதுக்கும் மேற்பட்ட கிளைகள் உண்டு. அவற்றுள் உச்சமானது கலிமா. அடிநிலையில் உள்ளது பாதையில் கிடக்கும் தொல்லை தரும் பொருளை அகற்றுவது என்று நபி (ஸல்) அவர்கள் நமக்குக் கற்பித்தார்கள் (முஸ்லிம்). இதை முள்ளுக்கும் கல்லுக்கும் உரிய உபதேசமாக மட்டுமே நாம் எண்ணிக்கொள்கிறோம். தொல்லையை அகற்றுவது ஈமானின் கிளை என்றால், தொல்லையைக் கொண்டுவந்து தெருவில் வைப்பதை என்னவென்று சொல்வது? சிந்திக்கக் கடமைப்பட்டுள்ளோம்.

புதுச்சேரியில் முல்லா வீதியிலும் சுல்தான்பேட்டிலும் நம் வீடுகள் நெருங்கி நிற்கின்றன. ஒரு வீட்டுத் தொட்டியின் நாற்றம் பக்கத்து வீட்டு நோயாளியின் படுக்கை வரை செல்லும். எவருடைய தீங்கிலிருந்து அண்டை வீட்டார் பாதுகாப்புப் பெறவில்லையோ அவர் ஈமான் கொண்டவர் அல்லர் என்று நபி (ஸல்) அவர்கள் அல்லாஹ்வின் மீது ஆணையிட்டுச் சொன்னதை (புகாரி) இங்கே நினைவுகூர வேண்டும்.

தொட்டி ஏன் நாறுகிறது?

சோறு, மீன் செதில், இறைச்சிக் கழிவு ஆகியவற்றை ஞெகிழிப் பையில் கட்டி மூடிவிட்டால் உள்ளே காற்றுப் புகாது. காற்றில்லாத இடத்தில் பெருகும் நுண்ணுயிர்கள் அழுகிய முட்டை போன்ற நாற்றமுடைய வாயுக்களை உண்டாக்குகின்றன. நம் ஊர் வெப்பத்தில் ஈயின் முட்டை ஒரே நாளில் புழுவாகிவிடும். சுமார் பத்து நாட்களுக்குள் அது ஈயாகிப் பறந்துவிடும். ஆகவே ஈரக் கழிவைத் தனியே, நீர் வடித்து, அன்றன்றே கொடுத்துவிட்டால் பாதி நாற்றம் தொட்டிக்கே வராது. தொட்டியின் அடியில் பழைய செய்தித்தாளை விரித்தால் கசியும் நீரை அது உறிஞ்சிக்கொள்ளும்.

கழுவும் முறை

நாற்றம் போக ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் சேர்த்து ஊற்றுவோர் உண்டு. இவ்விரண்டும் கலந்தால் குளோரின் எனும் நச்சுவாயு கிளம்பும். அது நுரையீரலைத் தாக்கும். தம்மைத் தாமே அழிவில் போட்டுக்கொள்ள வேண்டாம் என்பது இறைக்கட்டளை (காண்க: 2:195).

எளிய வழி இருக்கிறது. ஒட்டியிருப்பதைச் சுரண்டி எடுங்கள். ஈரத் துணியில் சமையல் சோடாவைத் தொட்டுத் தேயுங்கள். சிறிது நேரம் கழித்துக் கழுவிவிட்டு, பிறகு வினிகரோ எலுமிச்சைச் சாறோ தடவுங்கள். சோடாவையும் வினிகரையும் ஒன்றாகக் கலந்தால் ஒன்றன் ஆற்றலை மற்றொன்று போக்கிவிடும், நுரைதான் மிஞ்சும். இறுதியாகத் தொட்டியை வெயிலில் கவிழ்த்து நன்கு உலர்த்துங்கள். ஈரமில்லாத இடத்தில் கிருமி பெருகுவது கடினம்.

இதற்கு ஒரு வாளித் தண்ணீர் போதும். நபி (ஸல்) அவர்கள் ஒரு லிட்டருக்கும் குறைவான ஒரு ‘முத்து’ நீரில் உளூச் செய்தார்கள்; நான்கு அல்லது ஐந்து முத்து நீரில் குளித்தார்கள் (புகாரி, முஸ்லிம்). வணக்கத்திற்கே இந்த அளவென்றால், தொட்டி கழுவக் குழாயைத் திறந்துவிட்டு நிற்பது இஸ்ராஃப் அல்லவா? பிரெஞ்சுக்காரர் ஆட்சியில் முத்திரையர்பாளையத்திலிருந்து நகருக்குத் தண்ணீர் கொண்டுவரப்பட்டதன் நினைவாக நிற்பதே ஆயி மண்டபம். தண்ணீரின் அருமையை உணர்ந்து நினைவுச் சின்னம் எழுப்பிய ஊர் இது. சாக்கடையில் ஊற்றும் ஆசிட் மறைந்துவிடுவதில்லை. ஒரு பகுதி மண்ணில் இறங்கும், மறுபகுதி பெரிய வாய்க்கால் போன்ற வழிகளில் கடலைச் சேரும். மீனவரின் வாழ்வாதாரம் அந்தக் கடல்தான்.

மார்க்கச் சட்டம்

காய்கறித் தோலும் மீந்த சோறும் நஜீஸ் அல்ல. அவை பட்டதால் ஆடை அசுத்தமாகாது. ஆனால் குழந்தையின் டயாப்பர், மாதவிடாய்த் துணி, அறுத்த பிராணியின் ஓடும் இரத்தம் ஆகியவை தொட்டியில் பட்டிருந்தால் அது நஜீஸாகிவிடும். முதலில் பொருளை நீக்கி, பிறகு நிறமும் மணமும் போகும்படி நீரூற்ற வேண்டும். கண்ணுக்குத் தெரியாத நஜீஸை ஹனஃபி மத்ஹபில் மூன்று முறை கழுவ வேண்டும். ஷாஃபிஈ மத்ஹபில் ஒரு முறை நீர் ஓடினால் போதும். தெறித்த ஆடையுடன் தொழ நின்றுவிடாதீர்கள். டயாப்பரில் உள்ள மலத்தைக் கழிப்பறையில் கொட்டியபின், காகிதத்தில் சுற்றித் தனியே கொடுங்கள்.

பயனுள்ளதை எறியாதீர்

அன்னை மைமூனா (ரலி) அவர்களின் பணிப்பெண்ணுக்குத் தருமமாகக் கிடைத்த ஆடு ஒன்று செத்துக் கிடந்தது. அதைக் கண்ட நபி (ஸல்) அவர்கள், அதன் தோலைப் பதனிட்டுப் பயன்படுத்தியிருக்கக் கூடாதா என்று வினவினார்கள் (புகாரி, முஸ்லிம்). உண்ண ஹராமான செத்த ஆட்டிலும் பயனைத் தேடச் சொன்ன மார்க்கம் இது! குர்பானித் தோலை மதரஸாக்களுக்குக் கொடுப்பதும், அது ஆம்பூர், வாணியம்பாடி தோல் தொழிற்கூடங்களைச் சென்றடைவதும் நம் சமுதாயம் அறிந்த மறுசுழற்சிதான். தோலின் விலை வீழ்ந்துவிட்டது என்பதற்காக அதைத் தெருமுனையில் எறிவது முறையாகாது. பழைய பொருள் வாங்கும் கடையைத் தமிழகம் ‘காயலான் கடை’ என்றே அழைக்கிறது. காயல்பட்டினத்தாரின் வணிகத்தால் வந்த பெயர் என்பார்கள்.

நம் ஊரிலும் முன்மாதிரி உண்டு. 2000ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில் ‘சுத்தம்’ என்னும் தொண்டு நிறுவனம் ராஜ்நிவாஸ் வட்டாரத்தில் குப்பையைப் பிரித்து வாங்கி, மட்குவதை உரமாக்கியது. 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள் வீட்டிலேயே பிரித்துக் கொடுப்பதை நாடு முழுவதும் கடமையாக்கின. பிரிக்காத குப்பை எங்கே போகிறது? முன்பு கருவடிக்குப்பம், பின்னர் குருமாம்பேட். அங்கும் மக்கள் வாழ்கிறார்கள். அங்கே எழும் புகையை அவர்களின் குழந்தைகள்தாம் சுவாசிக்கின்றன. நம் கண்ணுக்கு எட்டாத தூரத்தில் இருந்தாலும் அவர்களும் நம் அண்டை வீட்டாரே.

ஒவ்வொரு மஹல்லாவும் மூன்று காரியங்களைத் தொடங்கலாம். மாதம் ஒருநாள் செய்தித்தாள், அட்டை, பாட்டில்களைச் சேகரித்து விற்று, அத்தொகையை ஏழை மாணவர்களுக்குக் கொடுக்கலாம். ரமளானில் நோன்புக் கஞ்சி வாங்க வீட்டுப் பாத்திரத்துடன் வரச் சொல்லலாம். ஒருமுறை பயன்படுத்தி எறியும் ஞெகிழிக் குவளையும் தட்டும் 1-7-2022 முதல் நாட்டில் தடைசெய்யப்பட்டவை. வலீமா விருந்தில் வாழையிலையே போதுமே! குர்பானி நாட்களில் கழிவைச் சேர்க்க முன்கூட்டியே நகராட்சியிடம் பேசி ஓர் இடத்தை ஏற்பாடு செய்யலாம்.

அன்புச் சகோதரர்களே! மஸ்ஜிதுந் நபவியைப் பெருக்கி வந்த கறுத்த பெண்மணி ஒருவர் இறந்துவிட்டார். அவரை அற்பமாகக் கருதிய மக்கள் நபி (ஸல்) அவர்களுக்குத் தெரிவிக்காமலே அடக்கிவிட்டனர். செய்தியறிந்த அண்ணலார், ஏன் எனக்கு அறிவிக்கவில்லை என்று கடிந்து, கப்ரு இருக்குமிடம் கேட்டுச் சென்று ஜனாஸாத் தொழுதார்கள் (புகாரி, முஸ்லிம்). நாள்தோறும் நம் வாசலுக்கு வரும் துப்புரவுப் பணியாளரின் பெயர் நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? உடைந்த கண்ணாடியையும் பிளேடையும் காகிதத்தில் பொதிந்து கொடுத்தால் அவர் கை கிழியாது. ஈரக் குப்பையைப் பிரித்துக் கொடுத்தால் அவர் அதைக் கையால் கிளற வேண்டியதில்லை. அவருக்கு நாம் செய்யும் உபகாரமன்று இது. நம்மீது அவருக்குள்ள உரிமை.

நம் உள்ளத்தையும் இல்லத்தையும் தெருவையும் தூய்மையாக வைத்துக்கொள்ளவும், எவருக்கும் தொல்லை தராத நல்லடியார்களாக வாழவும் வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தவ்ஃபீக் செய்வானாக! ஆமீன்.